நேரில் வந்து நிற்க வேண்டியவர்

ஏரிக்குக் குளிக்கப் போன அப்பா திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. நடக்க முடியாத மகளுக்கு அவர் பேரில் வந்துகொண்டிருந்த உதவித்தொகையும் அன்றிலிருந்து நின்றுபோனது. அம்மா தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள்.

குமாஸ்தா ஒரே பாட்டைத்தான் பாடினார். "அவர் இருக்காருன்னும் சான்று இல்ல, இல்லைன்னும் சான்று இல்ல. உன் வீட்டுக்காரர் நேர்ல வந்து நிக்கட்டும், பார்க்கலாம்."

"எங்கே போய்த் தேடுவேன் சார்?"

"ஏரியைக் கேளு!" என்றார். பக்கத்து மேசைக்காரரும் சிரித்தார்.

மறுநாள் அவள் மகளோடு கணவரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். வெளியே வெயில் கொளுத்தியது. அவர் சட்டை மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. குமாஸ்தாவின் எதிரில் வந்து நின்றார். குமாஸ்தா அவசர அவசரமாகக் கையெழுத்துப் போட்டார்.

"உதவித்தொகை வந்துடும். இவரைக் கூட்டிட்டுப் போம்மா."

"வந்து நிக்கச் சொன்னது நீங்கதானே? இனி நீங்களாச்சு, அவராச்சு." கணவரிடம் மட்டும் "வரேங்க" என்று சொல்லிவிட்டு, மகளின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

சாயங்காலம் குமாஸ்தா வீட்டுக்குள் ஓடிவந்து கதவைச் சாத்தினார்.

"கூட வந்தவரை வெளியிலேயே விட்டுட்டு வர்றீங்களே, நல்லாவா இருக்கு?" என்று கடிந்துகொண்ட மனைவி, அவர் தடுப்பதற்குள் கதவை அகலத் திறந்தாள்.

"உள்ளே வாங்கண்ணே."