சேமிப்புத் திட்டத்திலிருந்து ஒரு போன்

"ஊர்ல இருக்கிற வீட்டுக்கெல்லாம் ஒயரிங் பண்றவர். அவருக்கே ஒருத்தன் போன்ல ஷாக் கொடுத்துட்டான் பாருங்க."

தம்பி இப்படிச் சொன்னதும் கூடத்தில் ஒரே சிரிப்பு. தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஷாக் வாங்கிய எலக்ட்ரீஷியனும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தான்.

தம்பியின் அக்காவான அவன் மனைவிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"நல்லா சிரிங்க. வேன் வாங்கச் சேர்த்த பணம். சுத்தமாத் துடைச்சுட்டுப் போயிட்டான். இனி இவர் கிழவனாகிற வரைக்கும் ஏணியை பைக்ல கட்டிக்கிட்டுத்தான் அலையணும்."

"விடும்மா, பாவம் மாப்பிள்ளை," என்றார் அப்பா மெதுவாக. அம்மா போன பிறகு அவர் இவர்களோடுதான் இருக்கிறார்.

"நீங்க அவருக்கு வக்காலத்து வாங்காதீங்கப்பா."

விஷயம் இதுதான். போன மாதம் ஒரு போன் வந்தது. 'மின்சார சேமிப்புத் திட்டத்துல உங்க வீடு தேர்வாகியிருக்கு. ஒரு கருவி இலவசமா மாட்டித் தருவோம், பில் பாதியாக் குறையும். இன்னிக்குத்தான் கடைசி நாள். உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், அதை மட்டும் சொல்லுங்க.'

நம்பரைச் சொன்னதுதான் தாமதம், கணக்கு காலி. பேங்க், போலீஸ் என்று அலைந்தும் 'பார்க்கலாம்' என்பதற்கு மேல் பதில் இல்லை.

"இந்தக் கருவியெல்லாம் ஏமாத்து வேலைன்னு வீட்டுக்கு வீடு சொல்றவர் நீங்க. அன்னிக்கு உங்க புத்தி எங்க போச்சு?" என்று கேட்டால், "வேலை மும்முரத்துல சொல்லிட்டேன்" என்பான். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டான். அவள்தான் காலையில் ஆரம்பித்தால் படுக்கிறவரை வறுத்தெடுப்பாள்.

ஒரு நாள், அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் பெயின்ட் அடிக்கிறார்கள் என்று மதியமே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக் கதவைத் திறந்தால், உள் அறையில் அப்பா போனில்.

"எந்த ஆபீஸ்னு சொன்னீங்க... சோலாரா? இன்னிக்கே சொல்லியாகணுமா? அப்படி அவசரப்படுத்தினாலே போனை வெச்சிடணும்னு எங்க வீட்டுல சொல்லியிருக்காங்க தம்பி. எந்த நம்பரும் நான் சொல்றதா இல்லை. கரண்ட் பில்லுல ஆபீஸ் நம்பர் இருக்கு, நானே கூப்பிட்டுக் கேட்டுக்கறேன். உங்களுக்கும் சீக்கிரம் வேற நல்ல வேலை கிடைக்கட்டும்."

வைத்துவிட்டார்.

அவளுக்குப் பெருமையாக இருந்தது. பரவாயில்லை, இந்த வீட்டில் ஒருத்தராவது விவரமாக இருக்கிறார் என்று நினைத்தபடி செருப்பைக் கழற்றினாள்.

அதற்குள் அப்பா இன்னொரு நம்பரைப் போட்டிருந்தார். பழைய சிநேகிதருக்கு.

"டேய், இப்பதான் ஒருத்தன் கூப்பிட்டான். உனக்கும் வரும், ஜாக்கிரதை... இல்லடா, இந்தத் தடவை நான் மாட்டலை. போன தடவை மாப்பிள்ளை போனை சார்ஜ்ல போட்டுட்டு வேலைக்குப் போயிட்டார். அடிச்சுது, எடுத்தேன். பில் பாதியாகும்னான். சும்மா உட்கார்ந்து சாப்பிடறோமே, இந்த வீட்டுக்கு நம்மால ஒரு உபகாரம் ஆகட்டும்னு நம்பரைச் சொல்லித் தொலைச்சேன்."

அவள் செருப்பும் கையுமாக அப்படியே நின்றாள்.

"அவர் ஒரு வார்த்தை கோவிச்சுக்கலைடா. பக்கத்துல உட்கார்ந்து, இந்த மாதிரி போன் வந்தா எப்படிப் பேசணும்னு சொல்லிக் கொடுத்தார். நான்தான் சொன்னேன்னு வெளியில மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டார். உன்கிட்டயாவது சொல்லலைன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சுடும். என் பொண்ணு தினமும் அவரைத் திட்டறா. நான் பேப்பரை முகத்துக்கு நேரா பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

அவள் சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு கீழே இறங்கினாள். மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

வெயில் தாழ்ந்தபின் பைக் வந்து நின்றது. பக்கவாட்டில் ஏணி.

"என்ன இங்க உட்கார்ந்திருக்கே? சாவி எடுத்துட்டுப் போகலையா?"

அவள் எழுந்து போய் ஏணியின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"நம்பரைச் சொன்னது அப்பாதான்னு ஏன் என்கிட்ட மறைச்சீங்க?"

கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

"மாமா சொல்லிட்டாரா?"

"இல்லை. சிநேகிதர்கிட்ட பேசினது காதுல விழுந்துது. நான் கேட்டது அவருக்குத் தெரியாது."

"தெரிய வேணாம்," என்றான் அவசரமாக.

"இந்த ஒரு மாசமா நான் பேசின பேச்சுக்கு, வேற ஒருத்தரா இருந்தா..." அவள் ஏணியைப் பார்த்தபடியே கேட்டாள். "நான் திட்டினா அப்பா தாங்க மாட்டார்னு பயந்தீங்களா?"

"அவர் தாங்கிக்குவார். பெத்தவர்தானே."

அவன் ஏணியை இறக்கிச் சுவரில் சாய்த்தான். அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

"உங்கம்மாகிட்ட கடைசியா கோபமாப் பேசிட்டேன்னு நீ இன்னும் தலையணையை நனைக்கறே. அப்பா விஷயத்துலயும் உனக்கு அப்படி ஒண்ணு வேணாம்னுதான்."