மாமியார் மூக்கு

இது நான் நேரில் பார்த்ததல்ல. ஒரு சலவை நிலையத்து வேன்காரரின் கதை; அவரோடு வேலை செய்பவர் சொல்லி என் காதுக்கு வந்தது.

"ஊதுங்க, மாப்பிள்ளை."

சாயங்காலம் வேன்காரர் வீடு திரும்பியதும் மாமியார் வாசலை மறித்துக்கொண்டு நிற்பார். வேன்காரர் குனிந்து, அவர் முகத்துக்கு நேரே ஊத வேண்டும். மாமியார் கண்ணை மூடி, மூச்சை இழுத்து மோந்து பார்ப்பார்.

"ம். உள்ள வாங்க."

எதிர் வீட்டு ஜன்னல்கள் அந்த நேரத்துக்குச் சரியாகத் திறக்கும்.

"பெத்த பிள்ளையா இருந்தா இப்படி நிக்க வைப்பாளா? மாப்பிள்ளைன்னா இளக்காரம்!" என்றது தெரு. வேலை செய்யும் இடத்திலோ, "என்னண்ணே, நேத்து ஊதியாச்சா?" என்பதுதான் காலை வணக்கமே.

வேன்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார். வேறு என்ன செய்வார்? குடித்துவிட்டு ஓட்டி, நிலையத்தின் வேனைக் கொண்டுபோய்ச் சுவரில் மோதியவர் அவர்தானே. ஓட்டுநர் உரிமம் ஒரு வருடத்துக்குப் போனது. வேனிலிருந்து இறங்கி, ஓட்டல் படுக்கை விரிப்புகளை மடிக்கிற மேசைக்கு வந்தார்.

"இன்னொரு தடவை அந்த வாடை வந்துச்சு, நானும் பிள்ளைங்களும் இங்க இருக்க மாட்டோம்" என்றார் மனைவி. அவர் சொன்னால் சொன்னதுதான்.

அப்போதுதான் மாமியார் குறுக்கே வந்தார். "மோந்து பாக்கற வேலையை என்கிட்ட விடு. நீ நிம்மதியா வேலைக்குப் போ."

தடை முடிந்தது. ஆனால் உரிமம் சும்மா கைக்கு வந்துவிடாது. டாக்டர் பரிசோதித்துச் சரி என்று சொல்ல வேண்டும். வீட்டில் கூட இருக்கும் ஒருவரும் வந்து பதில் சொல்ல வேண்டும். முதலாளி வேறு, "இந்த வாரம் லைசென்ஸ் வரலைன்னா வேனுக்கு வேற ஆளைப் போட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டார்.

மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை.

"நான் வரேன்" என்று மாமியார் செருப்பை மாட்டினார்.

"நீங்க எதுக்கு அத்தை?" என்று வேன்காரர் தடுத்துப் பார்த்தார். காரணம் இருந்தது. தடை விழுந்த புதிதில், கணக்கர் வேலையை விட்டுப் போகிறார் என்று கொடுத்த விருந்தில் ஒரே ஒரு கிளாஸ். ஏலக்காயை மென்று தள்ளிவிட்டு வாசலில் வந்து ஊதினார். மாமியார் வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு, "உள்ள வாங்க" என்றார். அவ்வளவுதான்.

கண்டுபிடித்துவிட்டு ஏன் விட்டார்? அந்தப் பார்வையை நினைத்தாலே கை கிளாஸ் பக்கம் போகவில்லை. அதற்குப் பிறகு அவர் தொடவே இல்லை.

"கையை நீட்டுங்க" என்றார் டாக்டரம்மா. நீட்டினார். கண்ணை மூடி மூக்கைத் தொட்டார். நேர்கோட்டில் நடந்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார்கள்.

"ரத்தம் நல்லா இருக்கு. ஈரலும் பரவாயில்லை." டாக்டர் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. இந்த ஒரு வருஷத்துல இவர் குடிச்சாரா?"

மாமியார் தொண்டையைக் கனைத்தார்.

வேன்காரருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "ஒரு தடவை குடிச்சேன், டாக்டர்! அத்தைக்குத் தெரியும். இத்தனை நாளா மனசுலயே வச்சிருக்காங்க. எனக்காக அவங்க பொய் சொல்ல வேண்டாம்."

டாக்டர் மாமியாரைப் பார்த்தார். மாமியார் மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"ஆமாங்க. அந்த ஒரு தடவைதான்" என்றார்.

"பழைய கதையெல்லாம் இந்த ரத்தத்துல தெரியாது. நீங்க வாயைத் திறக்காமலே இருந்திருக்கலாம்." டாக்டர் பேனாவை எடுத்தார். "அதையும் சேர்த்தே எழுதறேன். ஆறு மாசம் கழிச்சு வந்து காட்டுங்க. வண்டி ஓட்டலாம்."

பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் வேன்காரர் மாமியார் பக்கம் திரும்பினார்.

"அத்தை, அன்னைக்கே ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"என்னைக்கு?"

"அதான், ஏலக்காய் மென்னுட்டு வந்து ஊதினேனே."

"எனக்கெங்க தெரியும்? இப்ப நீங்க உளறித்தான் தெரியும்."

"அப்புறம் ஏன் அப்படிப் பாத்தீங்க?"

"கண்ணு சிவந்திருந்துச்சு. கண்வலியோன்னு பாத்தேன்."

"அப்ப தினமும் மோந்து பாத்தது?"

மாமியார் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "முன்ன ஒரு பெரிய காய்ச்சல் வந்துதே, அதோட வாசனையே போயிடுச்சு, மாப்பிள்ளை. எனக்குப் பூவும் ஒண்ணுதான், பினாயிலும் ஒண்ணுதான்."

"அப்படின்னா இந்த வேலையை ஏன் அத்தை எடுத்துக்கிட்டீங்க?"

"என் பொண்ணுக்கு நல்ல மூக்கு. அவ வாசல்ல நின்னிருந்தா அன்னைக்கே பெட்டியைக் கட்டியிருப்பா. ஒருத்தி நிக்கறாளேன்னு உங்களுக்கு ஒரு பயம் இருந்தா போதும்னு நினைச்சேன். பஸ் வருது, ஏறுங்க. இது அவ காதுக்குப் போகக் கூடாது."

யாராவது கட்டிவிட்ட கதையோ என்று எனக்குச் சந்தேகம். போன வாரம் வேன்காரரின் மனைவியைப் பார்த்தபோது, பேச்சோடு பேச்சாக, "உங்கம்மாவுக்கு மூக்கு எப்படிங்க?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"அம்மா மூக்கா?" பெருமையாகச் சிரித்தார். "மோப்ப நாய் தோத்துடும்! அதனாலதானே அந்த வேலையையே அவங்ககிட்ட விட்டேன்."