ஏழாவது ஆள்

"ஏனுங்க, சொன்ன வார்த்தைக்கு ஒரு மதிப்பு வேண்டாமுங்களா? ஆறு பேருன்னு சொல்லித்தான சாவி வாங்குனீங்க?"

பாலுசாமி வாசலில் நின்று பொரிந்தார். அமராவதி அணைப் பக்கம் தென்னந்தோப்புக்குள் அவர் கட்டிய வீடு அது. லீவுக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவார். ஆறு பேருக்கு மேல் தங்கக் கூடாது என்பது அனுமதி கொடுத்தபோதே பஞ்சாயத்து போட்ட நிபந்தனை. போன கோடையில் ஒரு கூட்டம் வேன் நிறைய ஆளைத் திணித்துக்கொண்டு வந்ததில், பஞ்சாயத்து ஆபீசர்கள் வந்து வீட்டையே பூட்டிவிட்டார்கள். அந்தப் பூட்டைத் திறக்க ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிய அவமானம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க," என்றான் சாய்கிருஷ்ணா. சிங்காநல்லூரில் லேத் பட்டறை வைத்திருப்பவன். நேற்றுதான் குடும்பத்தோடு வந்திருந்தான். தூக்கமில்லாமல் கண்கள் சிவந்திருந்தன.

"நான் எதுக்குங்க மெதுவாப் பேசோணும்? உள்ள ஏழு பேருன்னு தோட்டத்துச் சின்னான் சொல்லிப்போட்டான். இல்லீன்னு சொல்லுங்க பாக்கலாம்."

சின்னான் சொன்னதில் பாதியைக் கேட்டதுமே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார் பாலுசாமி.

"ஏழுதானுங்க. ஆனா..."

"ஆனாவும் வேண்டாம், ஆவன்னாவும் வேண்டாம். ஆபீசர் வந்து எண்ணுனா உங்களுக்கென்ன, கார்ல ஏறிப் போயிருவீங்க. பூட்டு உழுகறது என்ற ஊட்டுக்கு."

கொல்லையில் அண்டா நிறைய வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. கொடி கொள்ளாமல் துணி காய்ந்தது. ஏழோடு நின்றதா, இல்லை அதற்கும் மேலா? அவருக்கு ரத்தம் தலைக்கேறியது.

"தள்ளுங்க, நானே பாத்துக்கறேன்."

அவனை விலக்கிக்கொண்டு அவர் உள்ளே நுழைந்தபோது, சாய்கிருஷ்ணாவின் மாமியார் கோமளா அறைக் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"இப்ப உள்ள போகப்படாதுங்க."

"என்ற ஊட்டுக்குள்ள நான் போகப்படாதா? நல்லா இருக்குதுங்க நாயம். ஏழாவது ஆளை இப்பவே வெளிய அனுப்புங்க. உடுமலைக்கு பஸ் ஏத்தி உடறது என்ற பொறுப்பு."

"அனுப்ப முடியாதுங்க."

"அப்ப எல்லாருமே கெளம்புங்க. என்ற கண்ணுல படாம அவன் எப்ப உள்ள வந்தான்? அதையாச்சும் சொல்லுங்க."

களைத்துப் போயிருந்த கோமளாவின் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

"வந்தவன் இல்லீங்க, வந்தவ. அடுத்த மாசந்தான்னு டாக்டரம்மா சொல்லியிருந்தாங்க. ஆஸ்பத்திரிக்குக் கெளம்பறதுக்குள்ள அவளே அவசரப்பட்டுட்டா."

கதவுக்குப் பின்னால், விடியற்காலையில் பிறந்த பேத்தி வீறிட்டு அழுதாள்.