மூன்றாவது கோடு

மேஜர் தேவசகாயம் இருபத்தாறு வருடம் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஏழாம் வகுப்புக்குக் கணக்கு வாத்தியாராக வந்தவர். கரும்பலகையில் எழுதும்போதுகூட வகுப்புக்கு முதுகைக் காட்டமாட்டார். சுவரோடு ஒட்டி நின்று, கண்ணைப் பிள்ளைகள் மேலும் கதவு மேலும் வைத்துக்கொண்டு, கையை மட்டும் பின்னால் நீட்டி எழுதுவார். அவர் வரைந்த முக்கோணம் ஒன்றுகூட மூடியதில்லை. பிள்ளைகளும் தலையைச் சாய்த்தே கணக்குப் படித்தார்கள்.

ஒருநாள் முதல் பெஞ்சு பெனிட்டா எழுந்தாள். "சார், நீங்க திரும்பி நின்னே எழுதுங்க. பொறத்தால நாங்க பாத்துக்கிடுதோம்."

அவர் அவளைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பிப் பலகையைப் பார்த்து நின்றார்.

முக்கோணத்தின் இரண்டு கோடு வரைந்திருப்பார். முதுகின் நடுவில் ஏதோ வந்து குத்தியது. சாக்பீஸ் அப்படியே நின்றது. பெனிட்டாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் காலடியில் ஒரு காகித ராக்கெட் விழுந்து கிடந்தது.

குனிந்து அதைப் பார்த்தார். திரும்பவில்லை.

"குறி பரவால்ல" என்றார், பலகையிடம் சொல்வதுபோல. மூன்றாவது கோடு நேராகப் போய் முதல் கோட்டைத் தொட்டது.