மனைவி ஏறப்போகும் சுவர்

கட்டிலுக்கு அடியிலிருந்து இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மாஸ்டர் சட்டைப் பொத்தானைப் பாதியில் விட்டுவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"என்னத்தத் தொலைச்ச?"

"ஒண்ணும் தொலைக்கல. ஊர்ந்து பழகறேன்." மனைவியின் குரல் ஒரு தும்மலோடு வந்தது. "தடை தாண்டுற ஓட்டப் பந்தயம் வருதுங்க. வலைக்கு அடியில ஊரணும், கம்பியில தொங்கணும், மூட்டை சுமக்கணும், சுவர் ஏறிக் குதிக்கணும். பேர் குடுத்தாச்சு."

மாஸ்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கவே யோசிப்ப. உனக்கு எதுக்கு இந்த வேலை?"

"டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாருங்க. ரத்தத்துல கொழுப்பு எக்கச்சக்கமா ஏறிக் கிடக்காம். உடம்பை அசைக்கலைன்னா நெஞ்சுக்கு ஆபத்தாம்."

இருவரும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். முடிவைக் கேட்டு வர அவள்தான் போயிருந்தாள். மாஸ்டருக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது?

"கொழுப்பு வாயில மட்டுந்தான்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார். கிண்டலாகச் சொன்னாலும் உள்ளுக்குள் திக்கென்றது.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் சாய்ந்து, ஒரு காலை பிரேக்கில் வைத்துக்கொண்டு, அடுத்தவர் செய்யும் தப்பைத் திருத்துவார். தொப்பை மடியை மறைத்து வெகுகாலம் ஆகிவிட்டது. யாராவது எதையாவது தப்பாகச் செய்தால் அவருக்குக் கை பரபரக்கும்.

"இடுப்பைத் தூக்காத. முழங்கையை ஊணு... ஐயோ, அப்படி இல்ல! தள்ளு, நான் காட்டறேன்."

தலை போனது, தோள் போனது, தொப்பை போகவில்லை. காலைப் பிடித்து இழுத்துத்தான் அவரை வெளியே எடுக்க வேண்டியிருந்தது.

"புரிஞ்ச மாதிரிதான் இருக்கு. நாளைக்கு இன்னொரு தடவை காட்டுங்களேன்" என்றாள் மனைவி.

அன்றிலிருந்து பிடித்தது சனி. பூங்காவில் கம்பியைப் பிடித்துத் தொங்கச் சொன்னால் பழுத்த பழம் மாதிரிப் பொத்தென்று விழுந்தாள். ஓடச் சொன்னால் கைகளை வீசத் தெரியாமல் தடுமாறினாள். ஒவ்வொன்றையும் அவரே செய்து காட்ட வேண்டியிருந்தது. சாப்பாடும் மாறிவிட்டது. எண்ணெய் இல்லை, இனிப்பு இல்லை. முணுமுணுத்தால், "எனக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா ஆக்க என்னால ஆகாது" என்றாள்.

மணல் மூட்டைக்குத் தோளில் மாட்டப் பட்டை வைத்து அவளே தைத்திருந்தாள். ஒருநாள் மாடிப்படியில் கீழ் வீட்டுக்காரர் வழிமறித்தார்.

"என்ன மாஸ்டர், தினமும் காலையில படியில யானை ஏறுது?"

"வீட்டுக்காரிக்குப் பயிற்சி சார்" என்றார் மாஸ்டர், முதுகில் மூட்டையோடு, மூச்சு வாங்க. அவருக்குப் பின்னால் மனைவி கையை வீசிக்கொண்டு ஏறி வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மெஷினில் உட்கார்ந்து ஏதாவது பேன்ட்டின் இடுப்பைச் சிறிதாக்கிப் பிடித்துத் தைத்துக்கொண்டிருப்பாள். "ஒருத்தர் வாரா வாரம் இளைச்சுக்கிட்டே போறாருங்க. எனக்கு இதே வேலையாப் போச்சு."

"குடுத்து வெச்ச மனுஷன்" என்றார் மாஸ்டர்.

சுவர்தான் கடைசி வரை அவரைப் படுத்தி வைத்தது. பூங்காவுக்குப் பின்னால் பாதி கட்டி விட்ட சுவர் ஒன்று இருந்தது. அதில் அவர் காயப்போட்ட துணி மாதிரித் தொங்கியதை வாக்கிங் வருபவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். மானம் போனதுகூடப் பரவாயில்லை. சொல்லிக்கொடுப்பவனுக்கே வராவிட்டால் அவள் எப்படிக் கற்றுக்கொள்வாள்? அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அவள் எழுந்திருக்கும் முன்பே தனியாகப் போய்ப் பழகினார். முழங்கால் தேய்ந்தது, உள்ளங்கை காய்த்தது.

ஒருநாள் காலை மனைவியின் கண்ணெதிரே ஒரே எம்பில் மேலே போய் உட்கார்ந்துவிட்டார். அவருக்கே நம்ப முடியவில்லை.

"பாத்தியா? இவ்வளவுதான்!" என்று மேலிருந்து கூவினார்.

கீழே மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் அழற? நான் இருக்கேன்ல? உன்னையும் ஏத்தி விட்டுட்டுத்தான் ஓய்வேன்."

பந்தய நாள். மைதானம் முழுக்கச் சேறும் வலையும் கயிறும். மாஸ்டர் மனைவியின் காதை விடவில்லை. "வலையில தலையைத் தூக்காத. சுவரைப் பாத்ததும் வேகத்தைக் குறைச்சிடாத. மூச்சு முக்கியம்."

அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். காலில் செருப்பு, தோளில் கைப்பை.

"ஷூ எங்க? இன்னுமா மாத்தல?" என்று அவர் பதறும்போதே மைக்கில் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"நம்ம நம்பர்தாங்க" என்றாள்.

கைப்பையிலிருந்து எண் அச்சடித்த துணியையும் ஊக்குகளையும் எடுத்தாள். தையல்காரியின் விரல்கள். ஊக்கு முனை தோலில் படாமல், அவர் சட்டையில் நெஞ்சுக்கு நேரே அதைக் கச்சிதமாகக் குத்தி முடித்தாள்.

மாஸ்டர் திருதிருவென்று விழித்தார். "ஏய், டாக்டர் சொன்னாருன்னு..."

"யாருக்குன்னு நீங்க கேக்கவே இல்லையே."

அவர் குனிந்து பார்த்தார். தொப்பை இருந்த இடத்தைத் தாண்டி, சொந்தப் பாதங்கள் பளிச்சென்று தெரிந்தன. பேச வாயெடுப்பதற்குள் மைக் மறுபடி கத்தியது. மனைவி அவர் முதுகில் கை வைத்து ஒரு தள்ளு தள்ளினாள்.

"ஓடுங்க, நான் கைதட்டத்தான் வந்தேன்!"