அரையாண்டுப் பரீட்சை

"ஏங்க, கூண்டுல அடைச்ச புலி மாதிரி நடந்தது போதும். உக்காருங்க!" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் மனைவி அதட்டினாள்.

பீரோ பட்டறை மேஸ்திரி உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்தார். பட்டறையில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் அவசரக்குடுக்கை. பெயின்ட் காய்வதற்குள் கதவை மாட்டி, தன் கைரேகையோடு பீரோவை அனுப்பிவைக்கிற ஆள். அவரைப் போய் ஒரு ரத்தப் பரிசோதனைக்காக ஆறு மாதம் காத்திருக்கச் சொன்னால் எப்படி இருக்கும்?

"ரத்தம் எடுத்து எவ்வளவு நேரமாச்சு! மிஷின் ஏதும் ரிப்பேரான்னு கேட்டுட்டு வரட்டுமா?"

"மூணு தடவை கேட்டாச்சு அண்ணே. இன்னொரு தடவை போனீங்க, அந்த நர்சம்மா ஊசியை வச்சிட்டுக் கத்தியை எடுத்துடும்" என்று சிரித்தாள் வாயாடி. பட்டறையில் பெயின்ட் அடிக்கிற பெண். கடலைப் பொட்டலத்தை அவர் பக்கம் நீட்டினாள்.

"உனக்கு எல்லாமே விளையாட்டு. எனக்கு இருப்புக் கொள்ளலை."

"அழுதா மட்டும் முடிவு மாறிடுமா? கடலை சாப்பிடுங்க."

மனைவி இரண்டு பேரையும் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். வீட்டில் இந்த ஆறு மாதமும் யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை.

ஆறு மாதத்துக்கு முன் அது நடந்த அன்றைக்கும் அவசரம்தான். கையுறை போடாமல் இரும்புத் தகட்டை இழுத்தார் மேஸ்திரி. உள்ளங்கை கிழிந்து ரத்தம் கொட்டியது. பக்கத்தில் நின்ற வாயாடி பாய்ந்து வந்து வெறுங்கையால் அழுத்திப் பிடித்தாள். பெயின்ட் கரைக்கிற தின்னர் பட்டுப் பட்டு அவள் கையும் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ரத்தத்தோடு ரத்தம் கலந்துவிட்டது. அவர்களில் ஒருவர் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி. ஈரலையே கெடுக்கும் அந்தச் சனியன் இன்னொருவர் உடம்பிலும் புகுந்துவிட்டதா என்பதுதான் கேள்வி.

அன்றே டாக்டரிடம் ஓடி, போட வேண்டிய தடுப்பு ஊசிகளையெல்லாம் போட்டாயிற்று.

"இப்பவே டெஸ்ட் பண்ணி, இருக்கா இல்லையான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க டாக்டர்" என்றார் மேஸ்திரி.

"இன்னைக்குப் பார்த்தா பழைய கதைதான் தெரியும். இன்னைக்கு நுழைஞ்ச கிருமி ரத்தத்துல தலைகாட்ட ஒரு மாசம் போல ஆகும். சிலருக்கு ரெண்டு மாசம் தாண்டியும் ஆகும். நடுவுல 'இல்லை'ன்னு வந்தா சந்தோஷம். ஆனா ஆறு மாசம் கழிச்சும் 'இல்லை'ன்னு வந்தாதான் முழுசா நம்பலாம்."

அவசரக்குடுக்கை கேட்பாரா? சில நாளிலேயே மனைவியையும் வாயாடியையும் இழுத்துக்கொண்டு வேறொரு லேபுக்குப் போனார். 'இருக்கு' என்று வந்தது! மூன்று பேரும் நடுத்தெருவில் நின்று ஓவென்று அழுதார்கள்.

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "யாருங்க உங்களை இப்பப் போய்ப் பார்க்கச் சொன்னது? புதுசாப் போட்ட தடுப்பூசியே கொஞ்ச நாளைக்கு டெஸ்ட்ல கிருமி மாதிரி காட்டும். ஆக்கப் பொறுத்தவங்களுக்கு ஆறப் பொறுக்கலையா?"

அவர் சொன்னது சரிதான். அப்புறம் முறையாகப் பார்த்தபோது 'இல்லை' என்றுதான் வந்தது. பட்டறையே கைதட்டியது. மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. இன்னும் கெடு முடியவில்லையே! அன்றிலிருந்து வாயை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். கெடு இன்றோடு முடிகிறது.

கதவு திறந்தது. டாக்டரே காகிதத்தோடு வெளியே வந்தார்.

"இங்கேயே சொல்லலாமா, தனியாச் சொல்லணுமா?"

மூவரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள். "இங்கேயே சொல்லுங்க டாக்டர், உசுரை வாங்காதீங்க!" என்றார் மேஸ்திரி.

"கிருமி இல்லை. இனிமே சந்தேகமே வேண்டாம். தடுப்பூசியும் நல்லா வேலை செஞ்சிருக்கு. அந்தக் கிருமி இனி வாலாட்ட முடியாது."

"ஜெயிச்சாச்சுடோய்!"

மேஸ்திரி போட்ட கூச்சலில் வரிசையில் இருந்த குழந்தை ஒன்று விழித்துக்கொண்டு அழுதது. அவர் மனைவியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். "ஐயோ, நாலு பேர் பார்க்கிறாங்க, விடுங்க!" என்று அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். சத்தம் போடாதீர்கள் என்று சொல்ல வந்த நர்ஸும் சேர்ந்து சிரித்துவிட்டாள். முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் போய், "இல்லையாம்! இல்லவே இல்லையாம்!" என்று கையெடுத்துக் கும்பிட்டார் மேஸ்திரி. கண்ணீர் மீசையில் வழிந்ததை அவர் துடைக்கக்கூட இல்லை.

அப்புறம், "குடுங்க டாக்டர், அந்தப் பேப்பரை என் கண்ணால ஒரு தடவை பார்த்துடறேன்" என்று கையை நீட்டினார்.

டாக்டர் அவரைத் தாண்டிப் போய்க் காகிதத்தை வாயாடியிடம் கொடுத்தார். "இது இவங்க ரத்தம், மேஸ்திரி. உங்க ரத்தத்துலதான் அது பல வருஷமா குடியிருக்கே. உங்க மாத்திரையை விடாம சாப்பிடுங்க."

இத்தனை நேரம் கடலை தின்றுகொண்டிருந்த வாயாடி இப்போதுதான் பொட்டலத்தைக் கீழே வைத்தாள். "ஊரு ஒதுக்கிடும்னு இத்தனை வருஷம் மறைச்சு வச்ச வியாதியை, அன்னைக்கு எனக்காக அத்தனை பேர் முன்னாடி கத்திச் சொல்லி, இவளுக்கு முதல்ல ஊசி போடுங்கன்னு நின்னீங்களே, அதனாலதான் அண்ணே நான் தப்பிச்சேன்" என்று அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.