கிளிப்பின் மூடின பக்கம்

செங்கோட்டையன் வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்ததுமே லட்சுமணசாமிக்கு உள்ளே ஓடி ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

ஓட முடியவில்லை. வீடும் அவனுடையது, சாக்குக்கு முன்னால் நின்ற மோட்டார் சைக்கிளும் அவனுடையது.

பீளமேட்டில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களை அப்போது விரல்விட்டு எண்ணிவிடலாம். அத்தனை பேருக்கும் செங்கோட்டையன்தான் மெக்கானிக். மில் முதலாளியே ஆனாலும் அவர் பட்டறை வாசலில் நின்று, "அண்ணா, கொஞ்சம் பாருங்க" என்றுதான் கேட்கவேண்டும்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் கூப்பிடாமலே வந்து, தலை நிமிராமல், பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

காரணம் கட்டிலில் உட்கார்ந்திருந்தது. அவன் பெண்சாதி வரலட்சுமியின் வலது கை மூங்கில் பத்தைக் கட்டோடு கழுத்திலிருந்து தொங்கியது.

பத்து நாளைக்கு முன்னால் புருஷனும் பெண்சாதியும் காரமடைத் தேருக்குக் கிளம்பினார்கள். வால்பாறை எஸ்டேட் துரை ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன வேக வண்டி அது. முந்தின நாள்தான் செங்கோட்டையன் புதுச் செயின் மாட்டியிருந்தார். பெரியநாயக்கன்பாளையம்கூடத் தாண்டவில்லை, செயின் கழன்று பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. அவனுக்கு முழங்காலில் சிராய்ப்பு. பின்னால் இருந்தவளுக்கு மணிக்கட்டு முறிந்தது.

செயினின் இரண்டு முனைகளையும் சேர்க்கிற கண்ணியில் ஒரு கிளிப் உண்டு. சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். ஒரு பக்கம் மூடியிருக்கும், மறுபக்கம் பிளந்திருக்கும். திருப்பி மாட்டிவிட்டால் ஓடுகிற ஓட்டத்தில் கழன்றுபோகும். எந்தப் பக்கம் எங்கே இருக்கவேண்டும் என்பது தொழில்காரர்களுக்குத்தான் தெரியும்.

வேறு மெக்கானிக்காக இருந்தால் ரோட்டைக் குறை சொல்லியிருப்பான், செயினைக் குறை சொல்லியிருப்பான். செங்கோட்டையன் டீக்கடையில் பத்துப் பேர் முன்னால், "கிளிப்பைத் திருப்பி மாட்டிப்போட்டேனுங்க. என் கைப்பிழை" என்றார். அன்றைக்குப் பூட்டிய பட்டறையை இன்னும் திறக்கவில்லை.

இன்று இன்னொரு புதுச் செயினோடு முன்பல்சக்கரம், பின்பல்சக்கரம் இரண்டையும் கொண்டுவந்திருந்தார். பழையவை பல் தேய்ந்து கூராகிவிட்டன. அவற்றோடு ஓட்டினால் புதுச் செயினையும் தின்றுவிடும்.

"இந்த வண்டியோட சரிங்க அம்மணி. இனி ஸ்பேனரைத் தொடறதில்லைன்னு இருக்கறேன்."

அதுவே நல்லது என்பது போல வரலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஐம்பது வயதுக்கு மேல் அந்த மனுஷன் வேறென்ன தொழிலுக்குப் போவார்? லட்சுமணசாமிக்கு உடம்பெல்லாம் கூசியது. சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளக் குனிந்தான். "வேண்டாமுங்க தம்பி, கை அழுக்காயிரும்" என்று அவர் அவனைத் தள்ளி நிறுத்தினார்.

பல்சக்கரங்கள் ஏறின. செயின் சுற்றிவந்தது. கடைசியில் கிளிப்.

கண்ணை மூடிக்கொண்டே மாட்டுகிறவர், இப்போது அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாட்டினார். கழற்றிப் பார்த்தார். மறுபடியும் மாட்டினார்.

"ஏனுங்க தம்பி, நீங்களும் ஒருக்காப் பார்த்துப்போடுங்க. எனக்கு என் கண்ணு மேலயே நம்பிக்கை போயிருச்சு."

"அவருக்கு என்னங்க தெரியும்?" என்றாள் வரலட்சுமி. "தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருக்க மாட்டாரா?"

லட்சுமணசாமி குனிந்தான். அவர் மாட்டியும் கழற்றியும் தவித்ததைப் பார்த்த பரிதாபத்தில் வாய் முந்திக்கொண்டது.

"சரியா இருக்குதுங்கண்ணா. மூடின பக்கந்தான் ஓடற திசையில இருக்குது."

செங்கோட்டையனின் கை அப்படியே நின்றது.

துரை வண்டியோடு ஒரு புத்தகமும் கொடுத்திருந்தார். அதில் கிளிப்பின் படம் உண்டு. அன்றைக்குப் பட்டறையில் செயினை மாட்டி முடித்ததுமே லட்சுமணசாமியின் கண்ணில் பட்டுவிட்டது, கிளிப் திரும்பி இருக்கிறது என்று. சுற்றிலும் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அத்தனை பேர் நடுவில் செங்கோட்டையண்ணனைப் பார்த்து, தப்புங்க என்று எப்படிச் சொல்வது? மரியாதையாகவா இருக்கும்? வீட்டுக்குப் போய் நாமே திருப்பி மாட்டிக்கொள்ளலாம் என்று வண்டியை எடுத்துவந்தான். தேருக்குக் கிளம்புகிற அவசரத்தில் மறந்துபோனான்.

மறந்ததையாவது மன்னிக்கலாம். பட்டறை பூட்டிக் கிடந்த இந்தப் பத்து நாளும் அவன் வாயைத் திறக்கவில்லை.

வரலட்சுமி கட்டிலை விட்டு எழுந்தாள்.

"எந்தப் பக்கம் இருக்கோணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தான். குனிந்து கிளிப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

செங்கோட்டையன் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டே, "நான்தானுங்க அம்மணி, இப்ப மாட்டறப்பச் சொன்னேன்" என்றார்.

அவர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

வரலட்சுமி புருஷனைப் பார்த்தாள்.

லட்சுமணசாமி, ஆமாம் என்று தலையை ஆட்டினான்.